தறிக்குடோனில் கற்பூரம்

எனக்கு வெள்ளிக்கிழமை என்றாலே ஆகாது. கோயமுத்தூரில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் துணியையும் அட்டையையும் கொளுத்திக்கொண்டிருப்பவள் நான். அவற்றின் மேல் தீ எவ்வளவு வேகமாகப் படர்கிறது என்று அளப்பதுதான் என் ஆராய்ச்சி. "இத்தன படிச்சுப்போட்டு கொள்ளி வெக்கற வேலைக்கா போன" என்று அம்மா கேலி செய்வார்.

அப்பா சோமனூரில் தறிக்குடோன் வைத்திருக்கிறார். விசைத்தறி ஓடுகிற இடத்தில் பஞ்சுத்தூசிக்குப் பஞ்சமே கிடையாது. சுவர், விட்டம், ஒயர் எல்லாம் நரைத்துத் தொங்கும். காலையில் பெருக்கினால் சாயங்காலம் மறுபடி வந்து உட்கார்ந்திருக்கும். வெள்ளிக்கிழமை காலையில் தறிகளை நிறுத்தி, பொட்டு வைத்து, தட்டில் கற்பூரம் ஏற்றி ஒவ்வொரு தறிக்கும் காட்டுவார் அப்பா. சின்ன வயதில் நானும் கூடவே நின்று கும்பிட்டிருக்கிறேன். ஒரு நாளும் ஒன்றும் தோன்றியதில்லை.

போன வருஷம் அந்தத் தூசியில் கொஞ்சம் அள்ளி வந்து, ஒரு துணிப்பட்டையின் மேல் பரப்பி, கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கவிட்டு மேல்நுனியில் தீ வைத்தேன். வெறும் துணியில் தீ நிதானமாகத்தான் கீழே இறங்கும். இதிலோ, துணி பற்றுவதற்கு முன்பே தூசியின் மேல் ஒரு சுடர் சரசரவென்று அடிவரை ஓடிவிட்டது. கேமராவில் அருமையாகப் பதிந்திருக்கிறது என்று என் பேராசிரியருக்குச் சந்தோஷம். எனக்கு அப்பாவின் கற்பூரத் தட்டுதான் கண்ணில் நின்றது.

அந்த வீடியோவை அப்பாவிடம் காட்டினேன். இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார்.

"ஏனுங்கப்பா, இனிமே வெளிய வாசல்ல நின்னு காட்டுங்க. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காதுங்க."

"செரி கண்ணு, நீ சொன்னா செரிதான்."

அடுத்த வெள்ளிக்கிழமை நானும் போய் நின்றேன். ஆடிக்காற்று. ஏற்ற ஏற்ற அணைந்தது. பாதியில் கற்பூரம் அணைவது அப்பாவுக்குத் தாங்காது. தறியே உடைந்தாலும் அப்படிக் கலங்கமாட்டார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் இரண்டு கையாலும் காற்றை மறைத்துப் பிடித்தேன். உள்ளங்கை சுட்டது. ஒருவழியாக எரிந்து முடிந்தது.

"வாராவாரம் நீ வந்து புடிப்பியா அம்மணி?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை ஆய்வுக்கூடத்திலிருந்து போன் செய்தேன்.

"பூச ஆச்சுங்களாப்பா?"

"ஆச்சு கண்ணு. நல்லா எரிஞ்சுது. காத்தே இல்ல."

"வெளியதானுங்களே?"

"வெளியதான், வெளியதான்."

ஜன்னலையெல்லாம் சாத்தி, இடுக்கில் துணி திணித்தும் காற்று அடங்காமல், அன்றைய சோதனையை ஆரம்பிக்க முடியாமல் நான் உட்கார்ந்திருந்தேன். சோமனூர் ஒன்றும் வேறு தேசம் இல்லை. அப்பா என்னிடம் பொய் சொன்னது அதுதான் முதல்முறை. கோபம் வரும் என்று நினைத்தேன், பயம்தான் வந்தது.

மறு வெள்ளிக்கிழமை நான் போன் செய்யவில்லை. விடிவதற்கு முன்பே சோமனூர் பஸ்ஸில் இருந்தேன்.