படுக்க வைத்து அளந்த நூல்

1. டேப் மறந்த நாள்

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மாம்புரிக் கடற்கரைப் பக்கம் ஒரு முதியோர் விடுதியில் பதினொரு வருஷம் தச்சு வேலை செய்தேன்; எங்கள் பக்கம் தச்சனை பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதி வைக்கிறேன்.

எங்கள் விடுதியில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு ஆள் வர முந்தியே நான் அவருடைய வீட்டுக்குப் போக வேண்டும். கட்டில் எவ்வளவு உயரம், சுவிட்ச் எந்தப் பக்கம், எழும்பும்போது எந்தக் கையை ஊன்றுகிறார் என்று குறித்துக்கொண்டு வந்து, அறையையும் அதே மாதிரி ஆக்க வேண்டும். கரண்ட் போனாலும் அவர் கை தானாகப் போகிற இடத்தில் சாமான் இருக்க வேண்டும்.

அன்றைக்குப் போனது புத்தளத்தில் ஒரு ஹாஜியார் வீட்டுக்கு. மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து குடியேறியவர், லொறி வைத்திருந்தவர். மகள் பரீதா புருஷனிடம் கட்டாருக்குப் போக இருந்தா. தனியாக இருக்க ஏலாது என்று அவரே முடிவெடுத்து, ஏழு மாதம் முந்தியே எங்களிடம் அறை கேட்டிருந்தார்.

"மன்னாரால வெளிக்கிடேக்க அலுமாரிச் சாவிய எங்க வெச்சன் எண்டும் தெரியாம வந்தவன் நான்" என்றார். "இந்த முறை நானா நேரம் பாத்து, நானா சாமான் கட்டி, நானா போகணும். விளங்குதா பாஸ்?"

"ஓம் ஹாஜியார்."

ஆள் சரியான உயரம். வீட்டுக் கட்டிலின் நீளம் காணாமல், கால்மாட்டில் ஒரு வாங்கு பெஞ்சைப் போட்டுத்தான் படுப்பார். அளக்கலாம் என்று பையைத் திறந்தால் டேப் இல்லை. காலையில் வீட்டுக் கதவைப் பூட்டினேனா என்று மூன்று தரம் திரும்பிப் போய்ப் பார்த்த பதற்றத்தில் அதை வாசலிலேயே விட்டுவிட்டேன். பையில் சணல் நூல் பந்து ஒன்று கிடந்தது. ஹாஜியாரைப் படுக்கச் சொன்னேன். உச்சந்தலைக்கு நேரே நூலில் ஒரு முடிச்சுப் போட்டு, குதிக்கால் வரைக்கும் இழுத்து வெட்டினேன்.

தேத்தண்ணி கொண்டுவந்த பரீதாவின் கையிலிருந்து கோப்பை விழுந்தது.

"பாஸ்! வாப்பாவ என்ன அளவு எடுக்குறீங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் கபுறுக் குழி வெட்டுகிறவர்தான் இப்படி அளப்பார். இறந்தவரின் மையித்தைக் கிடத்தி, தலையிலிருந்து கால் வரைக்கும் நூல் பிடித்து, அதைச் சுருட்டிக்கொண்டு மையவாடிக்குக் குழி வெட்டப் போவார். உயிரோடு இருக்கிற ஆளை நான் அப்படி அளந்துவிட்டேன்.

ஹாஜியார் சிரித்தார். "ரெண்டு சாண் கூட்டி வெட்டு பாஸ். நான் புரண்டு படுக்குற ஆள்."

பரீதா சிரிக்கவில்லை.

2. ஆறாம் அறை

அந்த நூலை விடுதியின் ஆறாம் அறைச் சுவரில், முடிச்சு மேலே வர ஒரு ஆணியில் தொங்கவிட்டேன். நுனி முடிகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். அறைச் சாவி என்னிடம் மட்டும்தான்.

ஒரு கிழமை கழித்துப் பார்த்தால், நுனி கோட்டுக்கு ஒரு விரல் மேலே நின்றது. அடுத்த கிழமை இரண்டு விரல்.

விடுதியை நடத்துகிற எங்கள் மிஸ் சிலாபத்து ஆள். அவவிடம் சொன்னேன். "அனே பாஸ், கடல் காத்து. ஈரத்துக்கு நூல் சுருங்கும். நூல் சுருங்கினா கட்டில் சுருங்குமா? வேலையப் பாருங்க" என்றா.

எனக்கு மனம் கேட்கவில்லை. அதே பந்திலிருந்து முதல் வெட்டிய நீளத்துக்கே இன்னொரு நூல் வெட்டி, பக்கத்து ஆணியில் தொங்கவிட்டேன். அடுத்த கிழமைகளிலும் அது கோட்டிலேயே நின்றது. ஹாஜியாருடைய நூல் மட்டும் நாலு விரல் ஏறிவிட்டது.

பரீதாவுக்கு போன் எடுத்து, நூல் சுவரில் தொங்குகிற கதையைச் சொல்லிவிட்டு விசாரித்தேன். "வாப்பா எப்படி?"

"நீங்க வந்துபோனதுல இருந்து சாப்பாடு குறைவு. இப்ப ஒம்பது நாளா கட்டில விட்டு எழும்பவே இல்ல. அந்த நூல் அங்க தொங்குறவரைக்கும் வாப்பாவ அனுப்ப மாட்டன் பாஸ். நானும் போக மாட்டன். டிக்கட்ட கென்சல் பண்ணுறன்."

ஒரு மனிதர் தன் பாட்டில் நேரம் பார்த்து வெளிக்கிட நினைத்ததை நான் கெடுத்துவிட்டேன்.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு அறையைத் திறந்தேன். கடற்கரையில் நிற்கிற காற்றாலையின் நிழல் அந்த நேரத்தில் ஜன்னலால் உள்ளே வரும். ஒவ்வொரு இறக்கையாகச் சுவரைத் தடவிக்கொண்டு போகும். ஹாஜியாருடைய நூல் ஆணியில் இல்லை. பக்கத்து ஆணியில் மற்ற நூல் அப்படியே இருந்தது.

அறையில் ஒரு பழைய கட்டில் கிடந்தது. ஹாஜியாருடைய நூல் அதன் மேல் நேராக நீட்டிக் கிடந்தது. கட்டிலின் தலைமாட்டை நான் தெற்கே வைத்திருந்தேன். முடிச்சு வடக்கே இருந்தது. கபுறில் மையித்தைத் தலை வடக்கே வைக்கிற மாதிரி.

காற்று போட்டிருந்தால் சுருண்டல்லவா கிடக்கும்? பிஸ்மி சொல்லி எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு புத்தளம் பஸ் ஏறினேன்.

3. ஹாஜியார் எழும்பியது

ஹாஜியார் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நூலை நீட்டினேன். பரீதா கையில் நெருப்புப் பெட்டியோடு வந்தா.

"கொஞ்சம் பொறு மகள்" என்றார் ஹாஜியார். என்னைப் பார்த்தார். "உனக்குப் பயமா பாஸ்?"

"ஓம் ஹாஜியார். சரியான பயம்."

"எனக்கும்தான். ஒம்பது நாளா இந்த நூலத்தான் யோசிச்சிக் கிடக்குறன்." கையை நீட்டினார். "எண்ட அளவ எழுதினவன் நீயா? இல்லயே. அப்ப நாம ரெண்டு பேரும் ஏன் இப்படிச் சாகுறோம்? புடி."

என் தோளைப் பிடித்து எழும்பினார். சுவரில் ஒரு கையை ஊன்றி நின்றார்.

"டேப் கொண்டுவந்தியா?"

"ரெண்டு கொண்டுவந்தன்."

பரீதாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நிற்க வைத்துத்தான் அளந்தேன். அந்த நூலை அவருக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"அத எரிக்க வேணாம்" என்றார் ஹாஜியார். "எண்ட அறையில கட்டிலுக்கும் பாத்ரூம் கதவுக்கும் இடையில கட்டி விடு. கரண்ட் போனா அதப் புடிச்சி நடப்பன். படுக்க அளந்த நூலுல நான் நடந்து காட்டுறன்."

சொன்ன மாதத்தில், சொன்ன நாளில், சாமானைத் தன் கையால் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். அலுமாரிச் சாவி கழுத்தில் தொங்கியது. மூன்று வருஷத்துக்கு மேல் அந்த நூலைப் பிடித்துத்தான் நடந்தார்.

அவர் மௌத்தான அன்று கபுறு வெட்டுகிறவர் வந்து, தன் நூலால் அளந்து வெட்டினார். பொறுக்க ஏலாமல் அதை ஒரு நிமிஷம் கேட்டு வாங்கினேன். ஆறாம் அறைச் சுவரின் அந்தப் பழைய ஆணியில் பிடித்துப் பார்த்தேன். நுனி என் பென்சில் கோட்டுக்கு நாலு விரல் மேலே, முதல் நூல் ஏறி நின்ற அதே இடத்தில் நின்றது.

பிள்ளைகளே, டேப்பை மறந்தால் திரும்பிப் போய் எடுங்கள். பஸ் போனால் போகட்டும். ஆளை நிற்க வைத்து அளங்கள். நிற்க ஏலாதவர் என்றால் அவருடைய கட்டிலை அளங்கள், கால்மாட்டு வாங்கை அளங்கள். படுத்திருக்கிற ஆளை மட்டும் அளக்காதீர்கள்.