அப்பாவின் விரலில் ஒரு கரிக்கோடு

என் அப்பா பெயர் சென்னிமலை, சங்ககிரியில் லாரி ஓட்டியவர். ஊருக்கு நல்லவர், கிளீனர்களுக்கு மட்டும் சிம்மசொப்பனம். போன தை மாதம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒரே கேள்விதான், கை திரும்பி வருமா?

நான் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளர். சூடு பட்டால் சுருண்டு, ஆறினால் நிமிரும் பிளாஸ்டிக் பட்டை ஒன்றை அங்கே செய்கிறோம். அதன்மேல் லேசரால் கோடு இழுத்தால் அந்த இடம் மட்டும் கருகிக் கரியாகும். கரியில் மின்சாரம் ஓடும், கம்பி வேண்டாம், வளைத்தாலும் அறுந்துபோகாது. விரலின் உட்பக்கம் கட்டிப் பேட்டரியை இணைத்தால் கோடு சூடாகும், பட்டை சற்றே சுருண்டு விரலோடு படியும். அதன்பின் விரல் இம்மி அசைந்தாலும் செல்போனில் தெரியும்.

அப்பாவின் விரலில் கொஞ்சமாவது அசைவு மிச்சமிருக்கிறதா என்று பார்க்க, பேராசிரியரிடம் கேட்டு ஒரு பட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பாவின் ஆட்காட்டி விரலில் கட்டி, பேட்டரியை இணைத்தேன். விரல் மெல்ல மடங்கியது.

"ஏனுங்க, மடங்குதுங்க," என்ற அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அப்பா அழவில்லை. "நாந்தான் சாமி மடக்குனேன். நெனச்சேன், மடங்கிருச்சு. ஓனருக்குப் போன் போடு, தீவாளிக்கு மேல வண்டி எடுக்கறேன்னு சொல்லு." பழைய திமிர் அவர் முகத்துக்குத் திரும்பியிருந்தது.

ஆய்வகத்தில் எங்கள் யார் விரலையும் அந்தப் பட்டை மடக்கியதில்லை. உயிருள்ள விரல் அதற்கு மசியாது. அப்பாவின் விரலில் எதிர்த்து நிற்க ஒன்றுமில்லை, அதனால் மடங்கியது. இந்தப் பாழாய்ப்போன பட்டையை ஏன் கொண்டுவந்தேன் என்றிருந்தது.

"பட்டைதாங்கப்பா மடக்குச்சு," என்றேன்.

"அப்படியா? கழட்டிட்டுப் பாரு."

கழற்றினேன். வேலை செய்யாத கிளீனரை முறைப்பதுபோல அப்பா விரலை முறைத்தார். கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றி வேர்த்தது. விரல் கிடந்தபடியே கிடந்தது. அம்மாவின் அழுகையும் நின்றுபோயிருந்தது.

அப்பா என்னைப் பார்த்தார்.

"மறுக்கா அதக் கட்டி உடு சாமி. இன்னொருக்கா பாத்துக்கறேன்."

கட்டிவிட்டுப் பேட்டரியை இணைத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் பார்க்க முடியவில்லை.