நான் பட்டி வைத்து மூடிய விரிசல்கள்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டவன் நான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெயிண்டர் என்றால் போர்டு எழுதுபவன் என்று பலர் நினைக்கிறார்கள். நான் சுவருக்கு அடிக்கிறவன். எழுத்துப் பக்கம் போனதில்லை.

பள்ளிக்கூட மலரில் நம் பழைய கட்டடத்தைப் பற்றி எழுதச் சொன்னவர் தலைமை ஆசிரியை கஸ்தூரி டீச்சர்.

“எனக்கு இன்னா டீச்சர் தெரியும்?” என்றேன்.

“இருவது வருஷமா அந்தச் சுவரச் சொரண்டுறது நீங்கதானே? உங்களுக்குத் தெரியாதது வேற யாருக்குத் தெரியும்?” என்றார்.

1. சுரண்டினால் தெரியும்

வருடத்துக்கு இரண்டு முறை எனக்கு இந்தக் கட்டடத்தில் வேலை. கோடை விடுமுறையில் முழுசாக அடிப்போம். கார்த்திகை தீபத் திருவிழாவுக்குப் பந்தோபஸ்து வரும் போலீஸ்காரர்களை வகுப்பறைகளில் தங்க வைப்பார்கள். அவர்கள் போனபின், ஈரச் சட்டை மாட்ட அடித்த ஆணி ஓட்டைகளை அடைத்து டச்சப் செய்வோம். கூட வேலை பார்ப்பவர் பாஷா பாய். நான் பேசாததையும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

முன்ஹால்தான் முதலில் கட்டியது. செங்கல், சுண்ணாம்புச் சாந்து; மேலே தேக்குக் கட்டைகள் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை. ஜன்னல் திண்டில் இரண்டு பிள்ளைகள் ஏறி உட்காரலாம், சுவர் அத்தனை தடிமன். பட்டி, அதாவது விரிசல் அடைக்கும் பசை, தடவும் பிளேடால் சுரண்டினால் நிறங்கள் வரிசையாக வரும். அடியில் சுண்ணாம்பு வெள்ளை, முட்டை ஓடு மாதிரி கெட்டியாக. அதன்மேல் காவி. அதன்மேல் நீலம், நான் இங்கே படித்தபோது இருந்தது அந்த நீலம்தான். பிறகு பச்சை. மேலே இருக்கும் ரோஸ் நான் அடித்தது.

பின்பக்கத்து இரண்டு வகுப்பறைகளிலும் மேற்கு வராண்டாவிலும் வெள்ளையும் காவியும் கிடையாது, நீலத்தில்தான் தொடங்கும். அவை பிற்பாடு சிமெண்டில் சேர்த்துக் கட்டியவை. சுண்ணாம்புச் சுவரும் சிமெண்ட் சுவரும் சேருமிடத்தில், ஹாலுக்குள், ஒரு விரிசல் உண்டு. வராண்டா வாசலுக்கு மேலே இன்னொன்று. ஒவ்வொரு கோடையிலும் இரண்டுக்கும் பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கலர் அடித்துவிடுவேன். விரிசல் தெரியாமல் அடிப்பதுதான் நல்ல வேலை என்று எனக்குக் கற்றுக் கொடுத்திருந்தார்கள். வராண்டா விரிசலைப் பற்றி டீச்சரிடம் சொல்லலாமா என்று இரண்டொரு முறை நினைத்தேன். கேட்டால் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

2. இன்ஜினியர் வந்த நாள்

இந்தக் கோடையில், பழைய பள்ளிக் கட்டடங்களைப் பார்வையிட வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசிலிருந்து இன்ஜினியர் வருகிறார் என்றார்கள். தேறாது என்று அவர் எழுதிவிட்டால் மொத்தமாக இடித்துவிடுவார்கள். பிள்ளைகள் ஊரின் மறுகோடியில் இருக்கும் பள்ளிக்குப் போக வேண்டும். பாதிப் பேர் படிப்பையே விட்டுவிடுவார்கள் என்பது டீச்சரின் கவலை.

“பளிச்சுனு அடிச்சிக் குடுங்க ஏழுமலை. பாக்குறவருக்கு இடிக்க மனசு வரக்கூடாது” என்றார். அடித்துக் கொடுத்தோம்.

இன்ஜினியர் சுவரைத் தட்டிப் பார்த்தார், மாடிக்குப் போய் வந்தார். “பரவால்லையே டீச்சர். இவ்ளோ பழைய பில்டிங், ஒரு கிராக் கூட காணோம்” என்று ஃபைலைத் திறந்தார். டீச்சர் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

நான் பக்கெட்டோடு தூண் ஓரம் நின்றிருந்தேன். மூன்றாம் வகுப்பின் தண்ணீர்க் குடம் அந்த வராண்டா வாசலில்தான் இருக்கும். மணி அடித்தால் ஒரு கூட்டமே அங்கே முண்டியடிக்கும். என் முகத்தைப் பார்த்தே பாஷா பாய் கண்டுகொண்டார்.

“வாணாம்யா ஏழுமல. இருவது வருஷமா பேசாதவன் இன்னிக்கா பேசணும்?” என்று காதைக் கடித்தார்.

“சார், கிராக்கு இருக்குது சார். நாந்தான் மூடுனேன்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.

“இன்னாய்யா சொல்ற? விரிசல மூடிட்டு மேல கலரடிச்சியா? புள்ளைங்க உக்கார்ற எடம்யா இது!” என்று சத்தம் போட்டார் இன்ஜினியர். இரண்டு இடத்தையும் நானே சுரண்டிக் காட்டினேன்.

“இது எப்பவோ உட்டு நின்னுபோனதா, இன்னும் ஓடுதா? அது தெரியாம எப்டி கையெழுத்து போடுறது? மொத்தமா பூட்ட வேண்டியதுதான்” என்றார் அவர்.

“எவ்ளோ பட்டி புடிச்சிதுனு சொல்லட்டுமா சார்?” என்றேன்.

“சொல்லு.”

“ஹால் பக்கம் மொத வருஷம் ரெண்டு கை பட்டி புடிச்சிது. அப்புறம் வருஷா வருஷம் தலமுடி கனம்தான் உடும். அதுக்குமேல ஜாஸ்தி ஆனதில்ல. வராண்டா அப்டி இல்ல சார். அஞ்சு வருஷம் முன்னாடி நகம் கூட போவல. போன வருஷம் பட்டி பிளேடு போச்சு. இந்த வருஷம் பென்சிலே போச்சு.”

“ஒரு வருஷத்துப் பேச்ச ஒரே மூச்சுல பேசிட்டான் சார்” என்றார் பாஷா பாய். இன்ஜினியர் கோபத்திலும் சிரித்துவிட்டார்.

இரண்டு விரிசலின் குறுக்கேயும் மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்ட வைத்தார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். ஹாலில் பாடம் நடத்தலாம், வராண்டா பக்கம் ஒரு பிள்ளையும் போகக்கூடாது என்று கயிறு கட்டச் சொன்னார்.

3. ஆடி மழை

அதன்பின் டீச்சர் என்னிடம் பேசவில்லை. கடைத்தெருவில் எதிரே வந்தால் தலையை மட்டும் அசைப்பார். பள்ளிக்கூடம் போய்விடுமோ என்று அவருக்குப் பயம். நான்தான் அதற்குக் காரணமாகிவிட்டேனோ என்று எனக்கும் கவலை.

ஆடியில் மூன்று நாள் மழை பிடித்தது. நான்காம் நாள் காலையில் டீச்சரிடமிருந்து போன். “ஏழுமலை, வராண்டா கண்ணாடி ஒடஞ்சிடுச்சு. வாங்க.”

ஓடினேன். ஹால் கண்ணாடியில் கீறல்கூட இல்லை. இன்ஜினியர் வந்து வராண்டாச் சுவரடியில் தோண்டச் சொன்னார். மாடி மழைத்தண்ணீர் இறங்கும் குழாய் உள்ளுக்குள் உடைந்து, வருடக்கணக்காக அஸ்திவாரத்து மண்ணைக் கரைத்திருந்தது. அந்தச் சுவரையும் வராண்டாவையும் மட்டும் இடித்தார்கள். மற்றதெல்லாம் நிற்கலாம் என்று இன்ஜினியர் எழுதிக் கொடுத்தார்.

தண்ணீர்க் குடம் இருந்த இடத்தையே டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “முன்னாடியே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே ஏழுமலை?” என்றார்.

“நீங்க கேக்கலையே டீச்சர்.”

“நீங்க வாயத் தொறக்க நான் கலெக்டருக்கா மனு குடுக்கணும்?” என்றார். சிரித்தார். நானும் சிரித்தேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். இப்போதெல்லாம் பட்டி வைக்கும் முன், விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுகிறேன். கட்டடத்துக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுகிறேன். “மூடிட்டுப் போய்யா” என்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கும் காட்டிவிட்டுத்தான் மூடுகிறேன்.

டீச்சர் மலருக்கு எழுதச் சொன்னது ஆவணியில். கூச்சத்தில் நாள் தள்ளிக்கொண்டே போய், எழுதி முடித்தது புரட்டாசி முதல் சனிக்கிழமை.