தாமோதரன் பஸ்ஸின் முன்கண்ணாடி

நைலான் கயிற்றின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டால்தான் ஷாகுல் பாய்க்குப் பேச்சு வரும். மற்ற நேரத்தில் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் டீ ஆறிவிடும். "அமுக்கு சார், அமுக்கு! விரலால இல்ல, உள்ளங்கையால!" என்று பல்லிடுக்கில் வருகிற அந்த அதட்டலை ராஜகீழ்ப்பாக்கம் வழியாகப் போகிறவர்கள் ஒரு முறையாவது கேட்டிருப்பார்கள்.

வண்டிகளுக்குக் கண்ணாடி மாட்டுவது அவர் தொழில். கார், வேன், லாரி, எல்லாவற்றையும்விட பஸ். கண்ணாடியைச் சுற்றி ஒரு ரப்பர் விளிம்பு உண்டு, பீடிங் என்பார்கள். அதன் பள்ளத்துக்குள் சோப்புத் தண்ணீர் தடவிய கயிற்றைச் சுற்றிலும் பதித்து, வெளியிலிருந்து ஒருவர் கண்ணாடியை அமுக்க, உள்ளேயிருந்து இவர் கயிற்றை உருவ வேண்டும். கயிறு வர வர ரப்பரின் உதடு மடங்கி, வண்டியின் இரும்புச் சட்டத்தைக் கவ்விக்கொள்ளும். அமுக்குவதற்கென்று அவர் ஆள் வைத்துக்கொள்வதில்லை. வண்டிக்காரரேதான் அமுக்க வேண்டும். "உன் வண்டி, உன் கண்ணாடி. நீ அமுக்கினாதான் உனக்குத் தெரியும், இன்னா வேலை நடந்துக்கீதுன்னு" என்பார். என் பழைய மாருதிக்கு நானும் அமுக்கியிருக்கிறேன். இரண்டு நாள் தோளைத் தூக்க முடியவில்லை.

வயது ஐம்பத்திரண்டு. தலையில் ஒரு முடி கிடையாது, ஆனால் சட்டைப் பையில் சீப்பு உண்டு. கேட்டால் தாடியைக் காட்டுவார். தாம்பரம் பேருந்து நிலையத்தில் நின்றால் பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படிக்க மாட்டார். கண்ணாடியின் மூலைகளைப் பார்ப்பார். "இது பல்லாவரத்துக் கை. இது குரோம்பேட்டைக்காரன், மூலைய இழுத்துக் கட்டுவான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். ரப்பரின் இணைப்பை இவர் எப்போதும் கீழ்ப்பக்கம் நடுவில் வைப்பார், அதனால் இவருடைய கை எது என்பதும் ஊருக்கே தெரியும். தொழிலில் அவருக்கு இருந்தது ஒரே சட்டம். "இரும்பு கண்ணாடியத் தொடக்கூடாது சார். தொட்டுச்சு, இன்னிக்கு இல்லன்னா இன்னொரு நாள் அது போயிடும்."

சென்ற ஜனவரியில் எங்கள் பக்கம் பற்றி எரிந்த கல்லூரித் தகராறு வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். ஒரு தனியார் பொறியியல் கல்லூரி, பெயர் வேண்டாம். படிப்பின் நடுவிலேயே கட்டணத்தை ஏற்றினார்கள். மாணவர்கள் பன்னிரண்டு நாள் வாசலில் வெயிலில் உட்கார்ந்தார்கள். பதின்மூன்றாம் நாள் காலை, கேம்ப் ரோடு சந்திப்பில் கல்லூரி பஸ்கள் மீது கல் விழுந்தது.

அதில் ஒன்று தாமோதரனுடையது. சொந்த பஸ், கல்லூரிக்கு ஒப்பந்தத்தில் ஓட்டுகிறார். கல் வருவதைப் பார்த்து அவர் ஸ்டீயரிங்கை ஒடித்ததில் முன்சக்கரம் சாலையின் நடுத்திட்டில் ஏறியது. அதே நொடியில் முன்கண்ணாடி வெடித்து, துகள் துகளாக அவர் முகத்தில் கொட்டியது. இடது கண்ணில் அறுவை சிகிச்சை. பார்வை திரும்புமா என்பதை ஒரு மாதம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள். மறுநாள் பத்திரிகையில் ஒரு படம் வந்தது. மோகன்ராஜ் என்ற இறுதியாண்டு மாணவன், ஓங்கிய கையில் கல். கோவளத்தில் மீன் விற்கிற குடும்பம். அந்த வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் பையன். "பக்கத்து ஜன்னல்களில்தான் எறிந்தேன், முன்பக்கம் எறியவே இல்லை" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டு சொன்னான். யார் நம்புவார்கள்?

அதன் பிறகு எங்கள் ஊர் இரண்டாகப் பிளந்தது. ஜீவரத்தினத்தின் டீக்கடையில் காலை ஆறு மணிக்கே சண்டை ஆரம்பித்துவிடும். வங்கியில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஸ்ரீநிவாசன், "ஒரு மனுஷன் கண்ணை எடுத்தவனுக்குப் படிப்பு என்ன சார் கேடு? டிஸ்மிஸ் பண்ணி உள்ளே போடணும்" என்பார். ஜீவரத்தினம் டீயை ஆற்றிக்கொண்டே, "பன்னெண்டு நாளு பசங்க வெயில்ல குந்திகினு இருந்தானுங்களே, அப்ப எவனாவது எட்டிப் பாத்தானா? கல்லு வுழுந்த அப்புறம்தானே நீயே பேசறே!" என்று திருப்பிக் கொடுப்பார். நான் ஸ்ரீநிவாசன் கட்சி. குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் மோகன்ராஜைக் கல்லூரியிலிருந்து நீக்கச் சொல்லி ஒரு மனு எழுதியது நான்தான். நல்ல நடையில் எழுதியிருக்கிறேன் என்று பெருமை வேறு பட்டுக்கொண்டேன், வெட்கக்கேடு.

அந்த மனுவில் மூன்றாவது கையெழுத்து ஷாகுல் பாயுடையது. அவர் மகள் ஷாயிஸ்தா அதே கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. "என் பொண்ணும்தான் பன்னெண்டு நாளு குந்திகினு இருந்தா. நானே மோர் எடுத்துனு போய்க் குடுத்தேன். ஃபீஸ ஏத்தினது அநியாயம். ஆனா கல்லுன்னு வந்துச்சுன்னா நான் அந்தப் பக்கம் கிடையாது. தாமு என்னோட இருபது வருஷப் பழக்கம் சார்" என்று சொல்லித்தான் பேனாவை வாங்கினார்.

நான்கு நாள் கழித்துத் தாமோதரனின் பஸ்ஸை அவருடைய மைத்துனர் ஓட்டிவந்து பாயின் பட்டறையில் விட்டார். புதுக் கண்ணாடி மாட்ட வேண்டும். கல்லூரி விசாரணைக்காகச் சேதப் பட்டியலும் எழுதித் தர வேண்டும். பாய் பஸ்ஸுக்குள் சிதறிக் கிடந்ததைக் கூட்டினார். ஜன்னல் ஓரத்து இருக்கைகளுக்கு அடியில் ஆறு கல் கிடைத்தது. ஓட்டுநர் பக்கம் ஒன்றுகூட இல்லை. பிறகு முன்சட்டத்திலிருந்து பழைய ரப்பரைக் கழற்றினார். மேல் மூலையில் ரப்பர் கண்ணாடியைக் கவ்வாமல் உள்பக்கமாக மடிந்திருந்தது. அந்த ஒரு சாண் இடத்தில் சட்டத்தின் பெயின்ட் தேய்ந்து, இரும்பு பளபளத்தது. மாதக்கணக்கில் கண்ணாடி வெறும் இரும்பின் மேல் உராய்ந்துகொண்டே இருந்திருக்கிறது. சக்கரம் திட்டில் ஏறி, பஸ்ஸின் சட்டம் ஒரு முறை முறுக்கியதும் வெடித்துவிட்டது. கல் அதில் படவே இல்லை.

ரப்பரின் இணைப்பு கீழ்ப்பக்கம் நடுவில் இருந்தது.

"மூணு நாளு சோறு எறங்கல சார்" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் மாட்டார்கள். கல்லடி என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. அந்த ஒரு முழ ரப்பரைத் தூக்கிப் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கல்லூரியின் எட்டு பஸ்ஸுக்கும் கண்ணாடி வேலை அவர் கையில்தான் இருந்தது. மகள் அங்கேதான் படிக்கிறாள். நானாக இருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், அதைச் செம்பாக்கம் ஏரியில் வீசிவிட்டு வந்து நிம்மதியாகக் காபி குடித்திருப்பேன்.

விசாரணை கல்லூரியின் கருத்தரங்கக் கூடத்தில் நடந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஜெபராஜ் தலைமை. பெற்றோரும் மாணவர்களும் நிருபர்களுமாகக் கூட்டம் வழிந்தது. மனு கொடுத்தவர்கள் என்ற முறையில் ஸ்ரீநிவாசனும் நானும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். கண்ணில் கட்டோடு தாமோதரன் ஒரு பக்கம். தலையைத் தொங்கப் போட்டபடி மோகன்ராஜ் எதிர்ப்பக்கம். முன்கண்ணாடியை உடைத்தது அவன்தான் என்று முடிவானால் கல்லூரியிலிருந்து நீக்கம், அதன் பிறகு கொலை முயற்சி வழக்கு. ஷாகுல் பாயைக் கூப்பிட்டது சேதப் பட்டியலை வாசித்து "ஆமாம்" சொல்ல மட்டும்தான்.

"பக்கத்து ஜன்னலு ஆறு. அது கல்லடி சார். கல்ல நானே பொறுக்கினேன்" என்றார். அன்று வாயில் கயிறு இல்லை, வார்த்தை ஒவ்வொன்றாகத்தான் வந்தது. "முன்கண்ணாடி கல்லடி இல்ல."

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. "பின்னே யார் உடைச்சது?" என்றார் ஜெபராஜ்.

"நான் சார்."

துணிப்பையிலிருந்து அந்த ரப்பர் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். சென்ற ரம்ஜானில், நோன்பு திறக்கிற நேரம் நெருங்க நெருங்க, கடைசி மூலையைக் கயிற்றால் முழுதாக இழுக்காமல் கட்டைவிரலால் அழுத்திவிட்டு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று போனதைச் சொன்னார். விடிவதற்குள் பஸ் ட்ரிப்புக்குப் போய்விட்டது. தானும் மறந்துவிட்டதாகச் சொன்னார். மடிந்த இடத்தை விரல் வைத்துக் காட்டினார்.

ஜெபராஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க இதுல கையெழுத்துப் போட்டா, ஒருத்தர் கண்ணு போனதுக்கு நீங்க பொறுப்புன்னு ஆயிடும். அது உங்களுக்குப் புரியுதா?"

"புரிஞ்சுதான் சார் வந்துகீறேன். கல்லு எறியலன்னா தாமு திட்டுல ஏத்தியிருக்க மாட்டான். அது பசங்க தப்பு. ஏத்தினாலும் கண்ணாடி போயிருக்கக் கூடாது. அது என் தப்பு. ரெண்டையும் தனித்தனியா எழுதிக்கோங்க."

ஒரு வாரமாக நானும் ஸ்ரீநிவாசனும் டீக்கடைக்காரரும் பத்திரிகைகளும் தொண்டை கிழியக் கத்தி, ஒருவர்கூடச் செய்யாத ஒரு காரியத்தை இந்த மனிதர் இரண்டு வாக்கியத்தில் செய்துவிட்டார். நாங்கள் எல்லோரும் எதிராளியின் தப்பை எண்ணிக்கொண்டிருந்தோம். இப்படியும் ஓர் ஆள் நம்மோடு டீ குடித்துக்கொண்டிருந்தாரா என்று நான் வாயைப் பிளந்து பார்த்தேன்.

வெளியே வந்ததும் மோகன்ராஜ் ஓடிவந்து அவர் காலில் விழப் பார்த்தான். பாய் சட்டென்று பின்வாங்கினார். "கிட்ட வராதே. அந்த ஆறு ஜன்னலும் உன்னுதுதான். அதுக்கும் நான்தான் சாட்சி!" என்று கத்தினார். பையன் அழுதுகொண்டே தலையாட்டினான். ஆறு ஜன்னலுக்காக அவனை ஒரு பருவம் இடைநீக்கம் செய்தார்கள். கொலை முயற்சிப் பேச்சு அதோடு நின்றது.

கல்லூரி தன் வேலை முழுவதையும் பல்லாவரத்துக்காரரிடம் கொடுத்துவிட்டது. மாணவர்களிடம் பாய் காசுக்குக் கை நீட்டிவிட்டார் என்று ஒரு கூட்டம் சொன்னது. கல்லெறிந்ததைக் காட்டிக்கொடுத்தவர் என்று மாணவர்களில் ஒரு கூட்டம் முறைத்தது. கட்டண உயர்வில் பாதியைக் கல்லூரி திரும்பப் பெற்றது. அது கல்லால் குறைந்ததா, பன்னிரண்டு நாள் உட்கார்ந்ததால் குறைந்ததா என்ற சண்டை ஜீவரத்தினம் கடையில் இன்றைக்கும் தீரவில்லை. நான் மனுவிலிருந்து என் பெயரை அடித்தேன். ஸ்ரீநிவாசன் அதற்காக என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை.

தாமோதரன் பாயோடு பேசாமல் இருந்தது மூன்று மாதம். கண் பிழைத்துக்கொண்டது, கொஞ்சம் மங்கல்தான். பஸ்ஸைப் பல்லாவரத்திற்குக் கொண்டுபோய்க் கண்ணாடி மாட்டிக்கொண்டார். பாயின் பட்டறையைத் தாண்டும்போது ஹாரன்கூட அடிக்க மாட்டார். பாய் தலையைத் தூக்காமல் ரப்பரைத் தேய்த்துக்கொண்டிருப்பார். அந்த நாட்களில் அவரைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

ஏப்ரல் கடைசியில் ஒரு மதியம் நான் பட்டறையில் இருந்தபோது அந்த பஸ் வந்து நின்றது. தாமோதரன் இறங்கினார்.

"கழட்டிட்டுப் புதுசா போடு" என்றார்.

பாய் கண்ணாடியைச் சுற்றி வந்து பார்த்தார். "நல்லாத்தானே போட்டுக்கீறான் தாமு?"

"நல்லாப் போட்டுக்கீறேன்னு அவனும் சொல்றான். நான் எப்டி நம்பறது? நீ தப்பாப் போட்டா நீயே சொல்லிடுவே."

பாய் உள்ளே போய்க் கயிறு தேடினார். தேடிக்கொண்டே இருந்தார். தாமோதரன் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "அன்னிக்கு நோன்பு நேரமாச்சு, போ பாய், இது போதும்னு தொரத்துனவனே நான்தான் சார். வெளிய நின்னு அமுக்கினவனும் நான்தான். அவ்ளோ பேர் நடுவுல அத மட்டும் சொல்லாம வுட்டுட்டான் மனுஷன்." மங்கலான கண்ணிலும் நல்ல கண்ணிலும் ஒரே அளவு தண்ணீர்.

இருவருமாக மாட்டினார்கள். தாமோதரன் அமுக்க, பாய் உருவ, ஒரு மணி நேரம் ஆயிற்று. நான்கு மூலையையும் பாய் மூன்று முறை தடவிப் பார்த்தார். முடிந்ததும், "வண்டிய எடு. ஏரிக்கரைப் பக்கம் வுடு" என்றார். நானும் ஏறிக்கொண்டேன். ஏரிக்கரையில் ஒரு சாண் உயரத்துக்குக் கல் பாவிய திட்டு ஒன்று இருக்கிறது. அதன் முன்னால் நிறுத்தச் சொன்னார்.

"ஒரு சக்கரத்த மட்டும் ஏத்து. வேகமா ஏத்து."

"யோவ் பாய், இன்னாத்துக்கு?"

ஷாகுல் பாய் எழுந்துபோய் ஓட்டுநர் பக்கத்து முன்கண்ணாடிக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவில் முகத்தை நுழைத்தார். மூக்கு நுனி கண்ணாடியில் பட்டது. கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "ஏத்துடா" என்றார்.

பஸ் உறுமிக்கொண்டு திட்டில் ஏறியது. சட்டம் முழுவதும் முறுக்கிக் கிரீச்சிட்டது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது பாய் அதே இடத்தில், இமைக்காமல், மேல் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.