ஒரே தூள், ஒரே பீலித் தண்ணீர்

எட்டாம் வகுப்பில் விஞ்ஞான டீச்சர் எங்களையெல்லாம் ஆராய்ச்சியாளர்களாக்கிவிடுவது என்று தீர்மானித்தார். அந்தத் தீர்மானத்தின் பாடு தேயிலைத் தோட்டத்தில் வரிசை வீடுகளாக இருந்த எங்கள் லயத்துக்குத்தான் வந்து சேரும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். ஆளுக்கொரு ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். புத்தகத்தைப் பார்த்து எழுதினால் செல்லாது. கேள்வி சொந்தமாக இருக்க வேண்டும், அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும், கடைசியில் முடிவு என்று ஒன்று வர வேண்டும். முடிவில்லாத கட்டுரை பெற்றோர் தினத்தன்று வகுப்புச் சுவரில் ஏறாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதுவரை என்னுடைய எதுவுமே அந்தச் சுவரில் ஏறியதில்லை. இந்தத் தடவை ஏறியே தீர வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம்.

கேள்விக்குப் பஞ்சமில்லை. தோட்டத்தில் எல்லா வீட்டுக்கும் கொடுப்பது ஒரே தேயிலைத் தூள். தண்ணீர் பிடிப்பதும் லயத்துக்குப் பின்னால் மலைத் தண்ணீர் கொட்டும் ஒரே பீலியில். அப்படியிருக்க, தேத்தண்ணி மட்டும் ஏன் வீட்டுக்கு வீடு ருசி மாறுகிறது? யார் வீட்டுத் தேத்தண்ணி சிறந்தது? டீச்சருக்குக் கேள்வி பிடித்துவிட்டது.

"பேரை மறைச்சு வச்சுக் குடிக்கக் குடுங்க. இல்லாட்டி அவங்கவங்க வீட்டுக்கே ஓட்டுப் போட்டுக்குவாங்க" என்றார்.

அவருக்குத் தெரியாத சிக்கல் ஒன்று இருந்தது. லயத்தில் தேத்தண்ணிக்குப் பேர்போனவர்கள் இருவர். ஒருவர் அம்மா, இன்னொருவர் லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடான காம்பராவில் இருந்த அத்தை, அதாவது அப்பாவின் அக்கா. இந்த இருவரும் பேசிக்கொள்வதில்லை. அத்தையின் கோழி அம்மாவின் லீக்ஸ் பாத்தியைக் கிளறிப்போட்டதில் ஆரம்பித்தது. கோழி எப்போதோ குழம்பாகிவிட்டது, சண்டை மட்டும் உயிரோடு இருந்தது. மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து பறிப்பார்கள், முகம் பார்க்க மாட்டார்கள். பேசியே ஆக வேண்டும் என்றால் நடுவில் என்னை நிறுத்திக்கொள்வார்கள். துணி நனைவதாக அத்தையிடம் சொல்லச் சொல்லி அம்மா சொல்வார். அத்தை கைக்கெட்டும் தூரத்தில்தான் நிற்பார். நான் திரும்பிச் சொல்வேன். தெரியுமென்று அம்மாவிடம் சொல்லச் சொல்லி அத்தை சொல்வார். மறுபடியும் திரும்புவேன். இது போதாதென்று, அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று அம்மா நாலு பேர் கேட்கச் சொல்லியிருந்தார். அத்தையும் சளைக்காமல் அதையே திருப்பிச் சொல்லியிருந்தார்.

இவர்கள் இல்லாமல் என் ஆய்வு விளங்காது. அம்மாவிடம் கேட்டபோது இருமிக்கொண்டே மறுத்தார். மழையில் நனைந்து கொழுந்து பறித்ததில் அந்த வாரம் முழுக்க அவருக்கு நெஞ்சுச் சளி. பேர் எழுதாத கோப்பையில் குடித்தால் யார் வீட்டிலும் குடித்ததாக ஆகாது என்று நான் வாதாடினேன். படிக்கிற பிள்ளை கேட்கிறது என்று அப்பாவும் பரிந்து பேசினார். "மார்க்குக்காகத்தான்" என்று அம்மா இறங்கிவந்தார். அடுத்த காம்பராவிலும் போய் அதே வாதத்தை வைத்தேன். அத்தையும் மார்க்குக்காகத்தான் ஒத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் லயத்து வாசலில் பெஞ்சு போட்டாயிற்று. கோயில் திருவிழாவுக்கென்று வைத்திருக்கும் ஒரே மாதிரிக் கோப்பைகளை அப்பா கேட்டு வாங்கி வந்திருந்தார். அவற்றின் அடியில் நெயில் பொலிஷால் இலக்கம் போட்டேன். வீடுகளிலிருந்து வந்த தேத்தண்ணியை மறைவில் ஊற்றி, வரிசையைக் கலைத்து வைத்தேன். சீனியைக் கலக்கவில்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி ஆளுக்குக் கொஞ்சம் உள்ளங்கையில் வாங்கி நக்கிக்கொண்டே குடித்தார்கள். விஞ்ஞானத்துக்கும் அது வசதியாகப் போயிற்று.

முதலில் அப்பா குடித்தார். எல்லாமே நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டு நழுவப் பார்த்தார். ஒரு பக்கம் பொண்டாட்டி, ஒரு பக்கம் அக்கா, அவர்தான் என்ன செய்வார் பாவம். செல்லாத ஓட்டு என்று தள்ளிவிட்டேன்.

அம்மா ஒவ்வொரு கோப்பையிலும் ஒரு மடக்கு குடித்துக் கீழே வைத்துக்கொண்டே வந்தார். ஒரு கோப்பையில் வந்து நின்றுவிட்டார். இன்னொரு மடக்கு குடித்தார். ஒன்றுதான் குடிக்கலாம் என்று நான் விதியை நினைவூட்டியதைக் காதிலேயே வாங்காமல், அடிவரை குடித்துவிட்டு, அதுதான் சிறந்தது என்றார். அத்தையோ வேறொரு கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கீழே வைக்கவே இல்லை.

கோப்பைகளைக் கவிழ்த்துப் பார்த்தேன். அம்மாவுக்குப் பிடித்தது அத்தை போட்ட தேத்தண்ணி. அத்தைக்குப் பிடித்தது அம்மா போட்டது. மற்றவர்களின் ஓட்டும் இரண்டு வீட்டுக்கும் சரிபாதியாகப் பிரிந்திருந்தது. லயமே சிரித்தது, எனக்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முடிவில்லை என்றால் சுவரும் இல்லை. இன்னொரு தடவை குடித்துப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சினேன். அப்போதுதான் அம்மா என்னைத் தாண்டி, நேராக அத்தையைப் பார்த்துப் பேசினார்.

"இஞ்சி ரொம்பக் கூடிப்போச்சுங்க அண்ணி."

"கை தவறிடுச்சு" என்றார் அத்தை.

"மிளகும் கை தவறித்தான் விழுந்துச்சுங்களா?"

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அம்மாவும் சிரிக்கப்போய், சிரிப்பு இருமலில் முடிந்தது. அத்தை எழுந்துபோய் மிச்சத் தேத்தண்ணியைச் சூடாக்கி, சட்டியோடு கொண்டுவந்து அம்மா முன்னால் வைத்தார். மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு இருவரும் சேர்ந்தே இறங்கிப்போனார்கள். பேச்சுச் சத்தம் வளைவு தாண்டியும் கேட்டது. நடுவில் நிற்கும் என் உத்தியோகம் அன்றோடு போயிற்று.

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு டீச்சரிடம் போனேன். முடிவு வராததும் ஒரு முடிவுதான், ஏன் வரவில்லை என்று எழுது என்றார் அவர். உடனே உட்கார்ந்து 'பிழைகள்' என்று தலைப்பிட்டு ஒரு பகுதியை ஆத்திரம் தீர எழுதினேன். கட்டுரை சுவரில் ஏறியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பெற்றோர் தினத்தன்று அம்மாவும் அத்தையும் அதன் முன்னால் நின்றார்கள். அம்மா எழுத்துக் கூட்டி வாசிக்க, அத்தை கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் இலக்கத் தேத்தண்ணியில் கை தவறி இஞ்சியும் மிளகும் கூடிவிட்டன, இனிமேல் இப்படிச் சோதனை செய்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்று நான் எழுதியிருந்த இடம் வந்ததும், இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். என் விஞ்ஞானத்தையா கேலி செய்கிறார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது.

தூள், தண்ணீர், சீனி, கோப்பை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதியிருந்தேன். அந்த வாரம் முழுக்க அம்மா இருமிக்கொண்டிருந்ததையும், எங்கள் காம்பராவுக்கும் அத்தையின் காம்பராவுக்கும் நடுவில் இருந்தது ஒற்றைச் சுவர்தான் என்பதையும் மட்டும் எழுதவில்லை.