கடைசியாக ஓடுகிறவள்

ஊரில் அவளை வாலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சேட்டைக்காரி என்பதற்காக வந்த பெயர் இல்லை. அறுவடை மாதத்தில் திராட்சைத் தோட்டங்களின் வழியாக மலை ஓட்டப் பந்தயம் ஒன்று நடக்கும். அதில் எல்லோருக்கும் பின்னால், கடைசி ஆளுக்கும் பின்னால் ஓடுகிறவள் அவள். வழி காட்டத் திராட்சைக்கொடிக் கம்பங்களில் கட்டியிருக்கும் ஆரஞ்சு நாடாக்களை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டே வருவாள். முடியாமல் உட்கார்ந்தவர்களை எழுப்பிக் கூட்டி வருவாள். "முதல்ல வர்றவனுக்குக் கோப்பை, கடைசில வர்றவளுக்குக் குப்பை" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

மற்ற நாட்களில் அவளுக்கு வேலை ஒரு நிலவறையில். மலைச்சரிவைக் குடைந்து கட்டிய நீளமான கல் அறை. நசுக்கிய திராட்சையை அங்கே தொட்டிகளில் விட்டு வைப்பார்கள். இரண்டு மூன்று நாளில் அது பொங்கி நுரைத்து ஒயினாக மாறத் தொடங்கும். பொங்கும்போது கரியமில வாயு கிளம்பும். கண்ணுக்குத் தெரியாது. கனமானது என்பதால் தண்ணீர் மாதிரி தரையில் தேங்கும். வேலையாட்கள் அதைக் கெட்ட காத்து என்பார்கள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவள் கணவர் அதில்தான் போனார். தொட்டி கழுவ இறங்கிய ஒருவர் விழுந்துவிட, தூக்கிவிடப் போனார். வாசலில் கூடைகளை அலசிக்கொண்டிருந்த அவளுக்கு "இதோ வர்றேன், பிடிச்சுக்க" என்று அவர் உள்ளே சொன்னது கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேரையும் சேர்த்துத்தான் வெளியே எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு வீட்டில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடிந்ததும் மலைப்பாதையில் நடக்க ஆரம்பித்தாள். நடை எப்போது ஓட்டமானது என்று அவளுக்கே தெரியாது.

"யாரும்மா உன்னைத் துரத்துறா?" என்று மகள் ஒருநாள் கேட்டாள்.

"யாரும் துரத்தல. உக்காந்தாத்தான் பிடிச்சிடும்."

வாலக்கா விடாமல் நச்சரித்ததால்தான் முதலாளி நிலவறை வாசலில் எச்சரிக்கைப் பலகை மாட்டினார். பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பு அது காணாமல்போனது. கேட்டபோது, "வெளியூர்லருந்து ஆளுங்க ஓடி வர்ற வழி இது. வாசல்ல மண்டை ஓட்டுப் படம் மாட்டினா யாரு நம்ம ஒயின் வாங்குவா? பந்தயம் முடியட்டும், மாட்டிக்கலாம்" என்றார். அவள் மறுபடி கேட்கவில்லை.

பந்தயத்தன்று காலையிலிருந்தே வானம் சரியில்லை. மேற்கே கன்றிப்போன காயம் மாதிரி ஒரு நிறம். பழம் கொத்த வரும் குருவிகள் ஒன்றுகூட இல்லை. பந்தயத்தை நடத்துகிற டிராயிங் மாஸ்டரிடம் சொன்னாள்.

"மழை சாயங்காலத்துக்கு மேலதான்னு போட்டிருக்கான்" என்றார் அவர், கைப்பேசியைக் காட்டி.

"குருவிக்கு அது தெரியல போல, மாஸ்டர்."

அன்று வரிசையின் கடைசியில் மூன்று பேர். ஒரு தபால்காரரும் அவர் மனைவியும். முதல் முறையாக ஓட வந்த ஒரு வங்கி எழுத்தர். எழுத்தருக்கு முப்பது வயதிருக்கும், நல்ல கனத்த உடம்பு. "அக்கா, நான் வயித்தையும் சேத்து ரெண்டு பேரா ஓடுறேன். கொஞ்சம் பொறுத்துக்கணும்" என்று முதல் மேட்டிலேயே சொல்லி அவளைச் சிரிக்க வைத்தார்.

மலை உச்சியில் நாடாக்களை யாரோ இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தார்கள். அவள் அவிழ்த்துக்கொண்டு நிற்க, மூவரும் சரிவில் இறங்கிக் கண்ணுக்கு மறைந்தார்கள். அப்போதுதான் ஆலங்கட்டி விழத் தொடங்கியது. முதலில் மொச்சைக்கொட்டை அளவு, பிறகு எலுமிச்சை அளவு. ஓரமாக நின்றிருந்த டிராக்டர் வண்டிக்கு அடியில் அவள் புகுந்துகொண்டாள். தலைக்கு மேல் தகரம் அலறியது. அரைமணி நேரம் அங்கேயே கிடந்தாள்.

வெளியே வந்தபோது கொடிகளில் இலையே இல்லை. பாதை வெள்ளையாகக் கிடந்தது. நசுங்கிய பழச்சாறு அதில் சிவப்பாக ஊறிக்கொண்டிருந்தது. கீழே இறங்க இறங்க, ஏதோ ஒன்று குறைவது போலிருந்தது. இரண்டாவது வளைவில்தான் என்னவென்று புரிந்தது. நிலவறையின் காற்றாடி சத்தம் இல்லை. அறைக்குள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளுகிற பெரிய காற்றாடி அது. அறுவடை மாதத்தில் இரவும் பகலும் ஓடும். கரண்ட் போயிருந்தது.

அவள் ஓடினாள். அத்தனை வருஷத்தில் அவள் வேகமாக ஓடியது அன்றுதான்.

தபால்காரரும் மனைவியும் மலையேற ஊன்றி வந்த இரண்டு கோல்கள் நிலவறைச் சுவரில் சாய்ந்திருந்தன. கதவு உள்பக்கமாக இழுத்துச் சாத்தியிருந்தது. குளிருக்கும் ஆலங்கட்டிக்கும் பயந்து சாத்தியிருப்பார்கள். அவள் கதவை இழுத்துத் திறந்துவிட்டு வாசலிலேயே நின்றாள். உள்ளே இருட்டில் தொட்டிகள் கொதிக்கிற சோறு மாதிரி முணுமுணுத்தன. எழுத்தர் தரையில் நீட்டிப் படுத்திருந்தார், களைத்துத் தூங்குகிறவர் போல. தபால்காரர் மனைவி கவிழ்த்த பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தாள். தாடை நெஞ்சில் கிடந்தது.

"அம்மா" என்று கூப்பிட்டாள். "தம்பி." பதில் இல்லை.

மேலே சாலைப் பக்கமிருந்து தபால்காரர் வந்தார். ஆலங்கட்டி ஓய ஆரம்பித்ததும் கைப்பேசிக்கு சிக்னல் தேடிப் போயிருக்கிறார். "மாஸ்டர் வண்டி அனுப்புறாருங்க, பத்து நிமிஷத்துல வந்துடும்" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், உள்ளே பார்த்தார். பாய்ந்தார். அவள் இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலை அடைத்தாள்.

"போகாதீங்க. உள்ள கெட்ட காத்து. போனா நீங்களும் விழுவீங்க."

"தள்ளுங்க. என் பொண்டாட்டி அவ."

"தெரியும். என் வீட்டுக்காரரும் இப்படித்தான் போனாரு."

அவர் ஒரு கணம் நின்றார். அந்த ஒரு கணத்தில் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சரிவில் கீழே ஓடினாள். அறையின் அடிப்பக்கத்தில், பிழிந்த சக்கையைத் தள்ளுவதற்கு ஓர் இரும்புக் கதவு உண்டு. அதைத் திறந்தால் தேங்கிய காற்று சரிவில் வழிந்துவிடும். பூட்டியிருந்தது. கொடிக்குக் கம்பி கட்டும் இரும்பு முளை ஒன்றைப் பிடுங்கி இருவரும் நெம்பினார்கள். மூன்றாவது நெம்பலில் கொண்டி பிய்ந்து கதவு விழுந்தது. அவள் அவரைப் பக்கவாட்டில் மேலே இழுத்தாள். திறந்த வாயிலிருந்து எதுவும் வந்த மாதிரி தெரியவில்லை. சத்தமும் இல்லை. கெட்ட காற்று கண்ணுக்குத் தெரியாது என்று அவளுக்குத் தெரியும்.

மேல் வாசலுக்கு வந்தார்கள். அவள் பையில் எப்போதும் ஒரு மெழுகுவத்தித் துண்டும் தீப்பெட்டியும் இருக்கும். மெழுகுவத்தியைக் கொளுத்தி, உருகிய மெழுகை வைத்து ஊன்றுகோலின் நுனியில் ஒட்டி, வாசலுக்குள் நீட்டினாள். இடுப்பளவு இறங்கியதும் அணைந்தது.

"அணைஞ்சா அணையட்டும், நான் போறேன்."

"அது அணையுற இடத்துல மனுஷனும் அணைஞ்சுடுவான். நில்லுங்க."

மறுபடி கொளுத்தினாள். முழங்கால் அளவில் அணைந்தது. தபால்காரர் வாசல் நிலையில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். அவர் கையை அவள் விடவில்லை. மூன்றாம் முறை, முழங்காலுக்குக் கீழே சுடர் சுருங்கி நீலமானது. ஆனால் நின்றது.

"மூச்சை இழுத்து அடக்கிக்குங்க. உள்ள விடவே கூடாது. வாங்க."

வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது மனைவிதான். முதலில் அவளை இழுத்துவந்து ஆலங்கட்டி மேல் கிடத்தினார்கள். எழுத்தரை வெளியே கொண்டுவர இரண்டு முறை போக வேண்டியிருந்தது. கிடத்திய கொஞ்ச நேரத்தில் மனைவி இருமினாள். எழுத்தர் இருமவில்லை. வண்டி வரும்வரை அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தாள் வாலக்கா. வண்டியில் வந்தவர்கள்தான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்கள்.

அவள் கதவைத் திறந்ததிலிருந்து உள்ளே போனதுவரை ஆறு நிமிஷம் ஆகியிருக்கும் என்று விசாரணையில் சொன்னார்கள். பலகை எப்போதும் வாசலில்தான் இருந்தது என்றார் முதலாளி. "இல்லை" என்றாள் அவள். "ஒரு வாரம் முன்னாடியே கழட்டிட்டாங்க. எனக்குத் தெரியும். நான் ஒரு தடவைதான் கேட்டேன். ரெண்டாவது தடவை கேட்டிருக்கணும்." நிலவறைக்கு சீல் வைத்தார்கள். அவள் வேலை போனது. இப்போது பழம் அடுக்கும் கொட்டகை ஒன்றில் இருக்கிறாள்.

தபால்காரர் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அவள் வீட்டுக் கடிதங்களைக் கதவிடுக்கில் செருகிவிட்டு நிமிராமல் போவார். மனைவி மட்டும் ஒருநாள் வந்தாள்.

"அவருக்கு உங்க மேல கோவம் இல்லைக்கா. நீங்க போகாதீங்கன்னு மறிச்சப்ப, ஒரு நொடி மனசுக்குள்ள அப்பாடான்னு இருந்துச்சாம். அதைத்தான் அவரால தாங்க முடியல."

வாலக்கா அவள் கையைத் தடவிக் கொடுத்தாள்.

எழுத்தரின் அம்மா வந்தது அதற்கும் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். கொடுத்த தண்ணீரைக் குடிக்கவில்லை.

"ஒண்ணு மட்டும் கேக்கணும். கதவைத் திறந்த உடனே நீங்க உள்ள போயிருந்தா, என் பிள்ளை பொழச்சிருப்பானா?"

"தெரியலம்மா."

"இல்லன்னு சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்."

அந்த அம்மாள் தலையை ஆட்டினார். எழுந்து போவார் என்று நினைத்தாள். அவர் போகவில்லை. "அவன் கடைசியா என்ன பேசினான்?" என்று கேட்டார். வயிற்றையும் சேர்த்து இரண்டு பேராக ஓடுகிறேன் என்று எழுத்தர் சொன்னதை வாலக்கா சொன்னாள். அம்மாளின் வாய் ஒருமுறை சிரிப்பது போல் கோணி, அப்படியே நின்றது. வெயில் தரையிலிருந்து சுவருக்கு ஏறும்வரை இருவரும் அந்த அறையில் உட்கார்ந்திருந்தார்கள்.