தலை இல்லாத படம்

எக்ஸ்ரே படம் கழுவும் ஃபிக்சர் கரைசலின் புளித்த வாடை... ஈர ஃபிலிமிலிருந்து அந்தக் கரைசல் சொட்டி முழங்கை வரை வழியும். முதல் வேலையை நினைத்தால் எனக்கு அதுதான் முதலில் வருகிறது.

எக்ஸ்ரே டெக்னீஷியன் நான். பழவேற்காட்டில் டிபி கேம்ப் வேன். நீள வரிசை, வெயில், எனக்குப் பொறுமை சுத்தமாகக் கிடையாது.

பசியாவரம் தீவிலிருந்து படகில் வந்திருந்தார் மாரி அண்ணன். மீன்பிடிக்கிறவர், இருமி இருமித் தோள் ஒடுங்கிப் போயிருந்தது. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினேன்.

"இதான் உங்க நெஞ்சு. வெள்ளையா இருக்கு பாருங்க, அதான் நோவு. டாக்டர் மாத்திரை தருவாரு. அடுத்து யாரு?"

காட்டுவது என் வேலையே இல்லை. சும்மா இருந்திருக்கலாம்.

பத்து நாள் கழித்து கேம்ப் நர்ஸ் அக்கா வந்து வேன் கதவைத் தட்டினார்.

"அந்தப் பசியாவரத்து ஆளு மாத்திரைய தொடல. சோறும் எறங்கல. இன்னாத்த காட்டித் தொலைச்ச நீ? வா, படகுல ஏறு."

சாயங்கால வெயில். அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டேன்.

நான் கொடுத்தனுப்பிய ஃபிலிமை ஜன்னல் கம்பியில் செருகி வைத்திருந்தார்கள். வெயில் அதன் வழியாக உள்ளே விழுந்தது. கீழே பாயில் மாரி அண்ணன் சட்டையில்லாமல் படுத்திருந்தார். அவர் நெஞ்சின் மேல் அவருடைய விலா எலும்புகளின் நிழல்... மூச்சு விடும்போது நிழலும் ஏறி இறங்கியது.

"தம்பி, டச்சுக்காரன் கல்லறை வாசல்ல எலும்புக்கூடு செதுக்கிக் கீது, பாத்துக்கீறியா?" என்றார். "அதுக்குக் கூட தலை கீது. எனக்கு இல்ல."

"அண்ணே, நெஞ்சுப் படத்துல தலை வராது. ஃபிலிம் சைஸ் அவ்ளோதான்."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவர் மனைவி செல்வி அக்காதான் அந்த ஊரில் ஆடி மாதம் அம்மனுக்குக் களிமண்ணில் முகம் பிடிப்பவர். கண் திறக்கிற வரைக்கும் அது வெறும் மண். அதற்கு யாரும் சோறு படைக்க மாட்டார்கள். அதைச் சொல்லிவிட்டு, "இதுவும் அப்டித்தான கீது, கண்ணு இல்லாம. அதான் இந்தாளு சோத்துக்கு வாயத் தொறக்கல," என்றார்.

எனக்கு எரிச்சல். "அப்ப நீயே தொறந்து வுடுக்கா," என்றேன். கிண்டலாகத்தான் சொன்னேன்.

அவர் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுப்பிலிருந்து கரித்துண்டு எடுத்தார். ஃபிலிமை இறக்கி எதிர்ச் சுவரில் சாத்தி, கழுத்து முடிகிற இடத்திலிருந்து சுவரிலேயே ஒரு தலை வரைந்தார். நெற்றித் தழும்பு, அகன்ற காது, மாரி அண்ணனேதான். கடைசியாகக் கண்கள்.

சத்தியமாகச் சொல்கிறேன், சுவர் என்னைப் பார்த்தது. நர்ஸ் அக்கா ஒரு அடி பின்வாங்கினார்.

"யோவ், திரும்பு. முழிச்சினு கீற பாரு," என்றார் செல்வி அக்கா.

மாரி அண்ணன் திரும்பினார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டினார், மாத்திரைக்கு. ஒரு நாள் கூட விடாமல் முழுக்க முடித்தார்.

கிலோவோல்ட், எக்ஸ்போஷர், கதிர் அளவு எல்லாம் டிப்ளமோவில் சொல்லிக் கொடுத்தார்கள். பார்க்கிறவனுக்கு அது என்னவாகத் தெரியும் என்று ஒரு பாடம் கூட இல்லை. அந்தப் பாடத்தை ஒரு கரித்துண்டு நடத்திக் காட்டியது.

இப்போது ஃபிலிம் இல்லை, வாடையும் இல்லை. ஏசி ரூம், மானிட்டர், மூன்று நொடியில் படம்.

போன வாரம் ஒரு அம்மா திரையில் தன் நெஞ்சுப் படத்தை எட்டிப் பார்த்து, "உள்ள யாரோ குந்தினு கீது தம்பி," என்றார்.

அந்தக் காலத்து நான் என்றால், அது நிழல், எழுந்திரும்மா என்றிருப்பேன்.

நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"யாரும்மா?"